சர்வீஸ் எடுக்கத் தெரிந்த ஆள்: கார்ச் கிராய் இரண்டு களத்திலும் தங்கம் வாங்கிய கதை

வாலிபாலில் கைதட்டல் எல்லாம் ஸ்மாஷ் அடிப்பவருக்குத்தான். பின்னால் முழங்கால் மடக்கி நின்று, எதிரணி போடும் சர்வீஸை எடுத்து, அடிப்பதற்குப் பந்தைத் தூக்கித் தரும் லிஃப்டர் கைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் இருக்கிறாரே, அவரை யாரும் கண்டுகொள்வதில்லை. நூறு பந்து ஒழுங்காக எடுத்தாலும் பேச்சில்லை, ஒரு பந்து கையில் பட்டுத் தெறித்து வெளியே போனால் போதும், மைதானமே அவரைத் திரும்பிப் பார்க்கும். அந்தப் பேர் கிடைக்காத வேலையை அபாரமாகச் செய்த ஒரு அமெரிக்கர் மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கியிருக்கிறார், அதிலும் ஒன்று மணலில் வாங்கியது. கார்ச் கிராய்.

ஆங்கிலத்தில் அவர் பெயரை எழுதும்போது நடுவில் ஒரு 'எல்' வரும், சொல்லும்போது வராது. ஹங்கேரிய மொழியில் அந்தச் சொல்லுக்கு அரசன் என்று பொருள். நிஜப் பெயர் சார்ல்ஸ், வீட்டில் ஹங்கேரிய வழக்கில் செல்லமாகக் கூப்பிட்டது கார்ச் ஆகி நிலைத்துவிட்டது.

சாதனைப் பட்டியலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1984 லாஸ் ஏஞ்சல்ஸிலும் 1988 சியோலிலும் உள்ளரங்கு வாலிபால் தங்கம். 1996 அட்லாண்டாவில் பீச் வாலிபால் தங்கம், அதுவும் பீச் வாலிபால் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்ட முதல் தடவையே. ஆறு பேர் ஆடும் ஆட்டம், இரண்டு பேர் ஆடும் ஆட்டம் இரண்டிலும் ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர் உலகத்தில் இவர் ஒருவர்தான், ஆண்களிலும் சரி பெண்களிலும் சரி. 2001ல் சர்வதேச வாலிபால் கூட்டமைப்பு 20ஆம் நூற்றாண்டின் சிறந்த ஆண் ஆட்டக்காரர்களாக இவரையும் இத்தாலியின் லொரென்சோ பெர்னார்டியையும் தேர்ந்தெடுத்தது.

இரண்டும் வாலிபால்தானே, ஒன்றில் ஜெயித்தவர் இன்னொன்றில் ஜெயிப்பதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். ஆடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இரண்டும் வேறு ஆட்டம். உள்ளே ஆறு பேருக்கு ஆறு வேலை, ஒருவர் லிஃப்ட் செய்வார், நடுவில் நிற்பவர் வலைக்கு மேலே கையை நீட்டி எதிரணி அடியைத் தடுப்பார், அதுதான் பிளாக், ஓரத்தில் நிற்பவர் அடிப்பார். மணலில் இரண்டே பேர், எல்லா வேலையும் இருவருக்கும். காலடியில் தரை இல்லை, மணல் உள்வாங்கும், குதித்தால் உள்ளே குதிக்கிற உயரத்தில் முக்கால்வாசிகூட வராத மாதிரி இருக்கும். காற்று வேறு, வெயில் வேறு. பந்தில் காற்றழுத்தமும் குறைவு, அதனால் காற்றடித்தால் கொஞ்சம் மிதக்கும். உள்ளே விரலால் லேசாகத் தட்டிப் பிளாக்குக்குப் பின்னால் போடுவார்களே, அது மணலில் செல்லாது. பிளாக்கில் பட்ட பந்து உள்ளே ஒரு தொடுதலாகக் கணக்கில் வராது, மணலில் வரும், அதற்குப் பிறகு இரண்டு தொடுதல்தான் மிச்சம். இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது ஒருவர் இரண்டிலும் உச்சிக்குப் போனார் என்றால், இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்று அவரிடம் இருந்திருக்க வேண்டும். அந்த ஒன்று, என் கணக்கில், முதல் தொடுதல். சர்வீஸ் எடுப்பது.

அது எங்கிருந்து வந்தது என்றால் அப்பாவிடம் இருந்து. லாஸ்லோ கிராய் ஹங்கேரியின் ஜூனியர் தேசிய வாலிபால் அணியில் ஆடியவர். 1956ல் சோவியத் ஆதிக்கத்துக்கு எதிராக ஹங்கேரியில் கிளர்ச்சி எழுந்து நசுக்கப்பட்டபோது நாட்டை விட்டு வெளியேறி அமெரிக்கா வந்து சேர்ந்தார், பிறகு மருத்துவரானார். மகன் 1960 நவம்பரில் மிச்சிகன் மாநிலத்து ஜாக்சன் நகரில் பிறந்தார். வளர்ந்தது கலிபோர்னியாவின் சாந்தா பார்பராவில், கடற்கரையில் நிரந்தரமாக வலை கட்டிய ஊர். ஆறு வயதில் அப்பாவோடு பந்து தட்ட ஆரம்பித்த பையன், பதினோராவது வயதில் அப்பாவையே ஜோடியாகச் சேர்த்துக்கொண்டு தன் முதல் பீச் போட்டியில் இறங்கினார்.

அந்தக் காட்சியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பதினோரு வயதுப் பையன், எதிரில் வளர்ந்த ஆட்கள். அவனால் உயரமாகக் குதிக்க முடியாது, வலைக்கு மேலே கை போவதே பெரிய விஷயம், அடித்து ஜெயிப்பது நடக்காத காரியம். எதிரணிக்காரன் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு சர்வீஸையும் அவன் பக்கமே போடுவான், ஏனென்றால் மணலில் பலவீனமான ஆளைக் குறிவைப்பதுதான் முதல் பாடம், அங்கே இரக்கம் எல்லாம் கிடையாது. அப்படி ஒரு நாள் முழுக்கப் பந்து வாங்கினால் இரண்டில் ஒன்று நடக்கும், வாலிபாலே வேண்டாம் என்று ஓடிவிடுவான், இல்லை என்றால் பந்து எடுக்கக் கற்றுக்கொள்வான்.

கற்றுக்கொண்டார். உள்ளூர்ப் பள்ளியில் ஆடி, பிறகு லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஆல் ஸ்கேட்ஸ் என்ற பயிற்சியாளரிடம் சேர்ந்தார். ஸ்கேட்ஸ் தன் காலத்தில் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு 19 தேசிய பட்டங்கள் வாங்கித் தந்தவர், அதில் மூன்று கிராய் ஆடியபோது வந்தவை: 1979, 1981, 1982. அவர் இருந்த நான்கு சீசனில் அணி 123 ஆட்டம் ஜெயித்து 5 மட்டும் தோற்றது. இடையில் உயிர்வேதியியலில் பட்டமும் வாங்கினார். 1979 அணியில் அவரோடு ஆடிய சீனியர் ஒருவர் சின்ஜின் ஸ்மித். இருவரும் கோடையில் மணலிலும் ஜோடி சேர்ந்து ஆடினார்கள், 1980ல் மன்ஹாட்டன் பீச் ஓப்பன் பட்டமே வாங்கினார்கள், அது பீச் வாலிபாலில் விம்பிள்டன் மாதிரி. ஸ்மித்தின் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பதினாறு வருடம் கழித்து எதிர்ப்பக்கம் வருவார்.

இப்போது உள்ளரங்கு அணிக்கு வருவோம். அமெரிக்கா வாலிபாலைக் கண்டுபிடித்த நாடு, ஆனால் ஆட்டத்தில் பல காலம் தேறவில்லை. 1968க்குப் பிறகு அதன் ஆண்கள் அணி ஒலிம்பிக் பக்கமே போகவில்லை. 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் நடப்பதால் போட்டி நடத்தும் நாடு என்ற வகையில் நேரடி இடம் கிடைத்தது, ஆனால் அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1982 உலகச் சாம்பியன்ஷிப்பில், அணி 13ஆவது இடத்தில் கிடந்தது. பயிற்சியாளர் டக் பீல். ஆட்களைத் தேற்றுவதற்காக 1983 ஜனவரியில் மொத்த அணியையும் யூட்டா மாநிலத்துப் பனிமலைக்கு மூன்று வாரம் நடக்க அனுப்பினார், பத்திரிகைகள் எப்போதும் அந்தக் கதையைத்தான் எழுதும். படிக்க நன்றாக இருக்கும், ஆனால் மலை ஏறியதால் மட்டும் 13ஆம் இடத்தில் இருந்து தங்கம் வந்துவிடாது. வந்ததற்குக் காரணம் பீல் சர்வீஸ் எடுக்கும் முறையை மாற்றியது.

இது கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டிய இடம். அந்தக் காலத்தில் எதிரணி சர்வீஸ் போடும்போது ஐந்து பேர் அரைவட்டமாக நின்று எடுப்பார்கள். ஆளுக்கு ஒரு கட்டம். கேட்க நியாயமாகத் தெரியும், ஆனால் இருவருக்கு நடுவில் விழும் பந்து "உன்னுது, என்னுது" என்று இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தரையில் விழும். அதோடு ஐந்து பேரில் பந்து எடுக்கத் தெரியாதவரும் இருப்பார், சர்வீஸ் போடுபவன் அவரைத் தேடியே போடுவான். பீல் என்ன செய்தார் என்றால், மற்ற எல்லோரையும் ஓரங்கட்டிவிட்டு இரண்டே பேரை மொத்தக் களத்துக்கும் நிறுத்தினார். ஒருவர் ஆல்டிஸ் பெர்ஸின்ஸ், இன்னொருவர் கிராய். ஆட்டக்காரர்கள் இடம் மாறி மாறி யார் எங்கே நின்றாலும் சர்வீஸ் எடுப்பது இவர்கள் இருவர்தான். ஒன்பது மீட்டர் அகலத்தை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொள்வது உள்ளரங்கு ஆட்டக்காரர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்திருக்கும்.

கிராய்க்கு அப்படித் தெரிந்திருக்காது. ஒன்பது மீட்டர் அகலம், ஒன்பது மீட்டர் ஆழம், இரண்டு பேர்: அன்றைய பீச் வாலிபால் களத்தின் அளவே அதுதான்! பதினோரு வயதில் இருந்து அவர் செய்துகொண்டிருந்த வேலை. பந்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, அதே மூச்சில் ஓடிப்போய் அடிக்கவும் வேண்டும் என்பதும் மணலில் அன்றாடம் நடப்பது. பெரிய பெரிய அடிகாரர்களுக்குச் சர்வீஸ் எடுக்கும் தொல்லை இல்லாமல் போனதால் அவர்கள் எங்கிருந்து வேண்டுமானாலும் ஓடி வந்து அடிக்கலாம் என்றும் ஆனது. அதாவது, ஆறு பேர் ஆட்டத்துக்குள் பீல் ஒரு பீச் ஆட்டத்தை ஒளித்து வைத்தார் என்று நான் சொல்வேன், அவர் அப்படிச் சொன்னாரா என்பது வேறு விஷயம். உலகம் முழுக்க அணிகள் பிறகு இந்த யோசனையை எடுத்துக்கொண்டன. இன்று இரண்டு மூன்று பேர் மட்டும் சர்வீஸ் எடுப்பது எல்லா இடத்திலும் சாதாரணம், பின்வரிசைக்கென்றே லிபரோ என்று ஒரு தனி ஆள், தனிச் சட்டை போட்டு நிற்பதும் 1998ல் வந்தது. எண்பதுகளில் லிபரோ கிடையாது, எடுப்பவரே அடிக்கவும் வேண்டும்.

1984ல் இந்த ஏற்பாட்டுக்குச் சோதனை வைத்தது பிரேசில். குதித்து அடிக்கும் சர்வீஸை அந்த அணி ஆயுதமாகவே வைத்திருந்தது. லீக் சுற்றில் அமெரிக்காவை நேர் செட்டில் தோற்கடித்தது. இறுதிப் போட்டியில் அதே பிரேசில், இந்தத் தடவை 15-6, 15-6, 15-7 என்று அமெரிக்கா ஊதித் தள்ளியது. அணியிலேயே இளையவர் கிராய், 23 வயது.

சோவியத் அணி அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது, அவர்கள் வந்திருந்தால் கதையே வேறு என்று ஒரு பேச்சு அப்போதே உண்டு. நியாயமான சந்தேகம்தான், 1978, 1982 இரண்டு தடவையும் உலகச் சாம்பியன் அவர்கள். அதற்குப் பதில் அடுத்த நான்கு வருடத்தில் வந்தது. 1985 உலகக் கோப்பை அமெரிக்காவுக்கு. 1986 பாரிஸில் உலகச் சாம்பியன்ஷிப் இறுதியில் சோவியத் யூனியனையே தோற்கடித்தார்கள். 1988 சியோலில் பயிற்சியாளர் மாறி மார்வ் டன்ஃபி வந்திருந்தார், கேப்டன் கிராய், இறுதியில் மறுபடி சோவியத், 3-1. அதற்குப் பிறகு அந்தப் பேச்சு அடங்கிப்போனது. 1986லும் 1988லும் உலகின் சிறந்த ஆட்டக்காரர் என்ற பட்டமும் அவருக்கே வந்தது.

அப்புறம் இத்தாலி. 1990ல் இருந்து இரண்டு சீசன் ராவென்னா நகர அணியில், அமெரிக்க அணித் தோழர் ஸ்டீவ் டிம்மன்ஸும் அதே அணி. இத்தாலிய லீக், உலக கிளப் பட்டம், ஐரோப்பிய சாம்பியன்ஸ் கோப்பை என்று அள்ளிக்கொண்டு வந்தார்கள். நல்ல சம்பளம், நல்ல ஆட்டம், அதில் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

1992ல் முழுநேரமாக மணலுக்குத் திரும்பினார். வயது 31. ஜோடி கென்ட் ஸ்டெஃப்ஸ், கிட்டத்தட்ட எட்டு வயது சின்னவர், உள்ளரங்கு தேசிய அணி வேண்டாம் என்று மணலையே தொழிலாக எடுத்துக்கொண்டவர். அந்த வருடம் தொடர்ந்து 13 போட்டி ஜெயித்தார்கள். கிராய் தலையில் ஒரு பளிச்சென்ற ரோஸ் நிறத் தொப்பி, தூரத்தில் இருந்து பார்த்தாலே தெரியும், கலிபோர்னியா கடற்கரைப் பசங்கள் எல்லாம் அதே மாதிரி வாங்கிப் போட்டார்கள்.

ஏன் அவ்வளவு ஜெயிப்பு என்று புரிய அன்றைய புள்ளி முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். இன்று எந்தப் பந்து விழுந்தாலும் யாரோ ஒருவருக்குப் புள்ளி. அன்று அப்படி இல்லை, சர்வீஸ் போடும் அணிக்கு மட்டும்தான் புள்ளி வரும். எதிரணி சர்வீஸ் போட்டு நீங்கள் அந்த ராலியை ஜெயித்தால் புள்ளி கிடைக்காது, சர்வீஸ் மட்டும் உங்கள் பக்கம் வரும். நம் ஊரில் பழைய ஆட்டக்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும், அவர்கள் ஆடியதும் அதே கணக்குதான். இந்த முறையில் சர்வீஸை ஒழுங்காக எடுத்து அடித்துக்கொண்டே இருக்கும் ஜோடிக்கு எதிராகப் புள்ளி சேர்ப்பது மலையைக் கெல்லுகிற மாதிரி. ஸ்கோர்போர்டில் ஒன்றும் நகராமல் பத்து நிமிடம் போகும், வெயில் ஏறும், கால் மணலில் சிக்கும், யார் முதலில் ஒரு பந்தைச் சரியாக எடுக்காமல் விடுகிறார்களோ அவர்களுக்குச் சரிவு ஆரம்பிக்கும்.

கிராய் பந்து எடுப்பதைப் பழைய வீடியோவில் பார்த்தால் முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். பாய்ச்சல் இல்லை, புரண்டு விழுவது இல்லை. சர்வீஸ் போடுபவரின் தோளைப் பார்த்தே பாதி தூரம் நகர்ந்திருப்பார். பந்து வருவதற்கு முன்பே கால் அங்கே போய் நின்றுவிடும், இரண்டு முன்கையும் ஒட்டி ஒரே பலகையாக இருக்கும், கையை வீசுவதே கிடையாது, முழங்கால்தான் பந்தை மேலே தூக்கும். காற்று வலுவாக இருக்கும் நாளில் பந்தை உயரத் தூக்காமல் தாழ்வாகத் தருவார், மேலே போனால் காற்று அதை எங்கே கொண்டுபோகும் என்று சொல்ல முடியாது. பந்தைக் கொடுத்த கையோடு மூன்று எட்டு, குதி, அடி. முழுதும் ஒரே ஓட்டமாக இருக்கும், எடுத்தது எங்கே முடிந்தது, அடிக்கப் போனது எங்கே ஆரம்பித்தது என்றே பிரித்துச் சொல்ல முடியாது. உயரம் ஆறடி இரண்டு மூன்று அங்குலம், வாலிபால் உலகத்தில் அது நடுத்தரத்துக்கும் கொஞ்சம் கீழேதான், அதனால் மேலே இருந்து அமுக்கி ஜெயிக்கும் ரகம் இல்லை அவர்.

இனி அட்லாண்டா. பீச் வாலிபாலை ஒலிம்பிக்கில் சேர்த்தது சர்வதேசக் கூட்டமைப்பு. அமெரிக்காவின் தொழில்முறை ஆட்டக்காரர்களோ தங்கள் சொந்தச் சங்கத்தின் கீழ், தங்கள் சொந்தத் தொடரில் ஆடிக்கொண்டிருந்தார்கள், பரிசுப் பணம் அங்கேதான் அதிகம். ஒலிம்பிக் போக வேண்டுமானால் எங்கள் உலகத் தொடரில் ஆடிப் புள்ளி சேர்க்க வேண்டும் என்றது கூட்டமைப்பு, உலகத்தின் சிறந்த ஆட்டக்காரர்கள் ஆடுவது எங்கள் தொடரில், நாங்கள் எதற்கு உங்கள் பின்னால் அலைய வேண்டும் என்றது சங்கம். புறக்கணிப்புப் பேச்செல்லாம் வந்தது. கடைசியில் ஒரு சமரசம்: அமெரிக்காவுக்கு மூன்று இடம், ஒன்று கூட்டமைப்பின் தொடரில் ஆடிய ஜோடிக்கு, மற்ற இரண்டும் பால்டிமோரில் நடக்கும் தேர்வுப் போட்டியில் ஜெயிப்பவர்களுக்கு.

கூட்டமைப்பின் பக்கம் போய் ஆடியது யார் தெரியுமா? சின்ஜின் ஸ்மித். கிராய் தேசிய அணிக்குப் போய்விட்ட எண்பதுகளில் ராண்டி ஸ்டோக்லோஸோடு சேர்ந்து மணலை ஆண்டவர், இப்போது 39 வயது, கார்ல் ஹென்கல் என்ற அதிகம் பேர் தெரியாதவரோடு உலகத் தொடரில் ஆடி அந்த ஒரு இடத்தைப் பிடித்தார். சங்கத்து ஆட்டக்காரர்களுக்குக் கடுப்பு, தேர்வில் நின்றிருந்தால் இந்த ஜோடி தேறியிருக்காது, குறுக்கு வழியில் இடம் வாங்கிவிட்டார்கள் என்று. ஸ்மித் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. ஒலிம்பிக்குக்கான வழி எது என்று முன்கூட்டியே தெரிந்தது, அந்த வழியில் போனார், உலகம் சுற்றி ஆடினார், அதில் என்ன குறுக்கு வழி? கிராய், ஸ்டெஃப்ஸ் ஜோடியும், மைக் டாட், மைக் விட்மார்ஷ் ஜோடியும் பால்டிமோர் வழியாக வந்தார்கள்.

காலிறுதியில் கிராய் ஜோடிக்கு எதிரில் ஸ்மித் ஜோடி. ஒரே பல்கலைக்கழகம், ஒரே பழைய அணி, ஒரே மணலில் ஒரு காலத்தில் ஜோடி. ஆட்டம் நடந்த இடம் அட்லாண்டா நகரத்துக்குத் தெற்கே ஜோன்ஸ்பரோவில், கடலுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது, மணலைக் கொண்டுவந்து கொட்டிச் செய்த கடற்கரை. ஒரே செட், 15 புள்ளி. எல்லோரும் கிராய் ஜோடி சுலபமாக முடித்துவிடும் என்று நினைத்தார்கள், ஸ்மித் ஜோடி முன்னால் போய்விட்டது. தேறாத ஜோடி என்று பேர் வாங்கிய அந்த இருவரும் வாழ்க்கையின் சிறந்த ஆட்டத்தை அன்று ஆடினார்கள். அந்தப் பழைய புள்ளி முறையில் பின்தங்கியவர் மேலே வர வேண்டுமானால் முதலில் எதிரணியின் சர்வீஸை ஒவ்வொன்றாகக் கொன்று, பிறகு தன் சர்வீஸில் புள்ளி தேட வேண்டும், இரண்டு மடங்கு வேலை. கிராய், ஸ்டெஃப்ஸ் அப்படித்தான் மேலே வந்தார்கள், 17-15. இறுதிப் போட்டி அதற்குப் பக்கத்தில்கூட வராது: டாட், விட்மார்ஷ் இருவரையும் 12-5, 12-8 என்று நேர் செட்டில் முடித்தார்கள். அமெரிக்காவுக்குத் தங்கமும் வெள்ளியும், கனடாவுக்கு வெண்கலம். கிராய்க்கு 35 வயது, முதல் தங்கத்துக்கும் இதற்கும் இடையில் பன்னிரண்டு வருடம்.

எனக்கு என்னவோ அந்த இறுதிப் போட்டியை விடக் காலிறுதிதான் பெரிதாகத் தெரிகிறது. அந்த ஆட்டத்தில் ஸ்மித் ஜெயித்திருந்தால் இன்று கிராய் இரண்டு தங்கம் வாங்கிய ஒரு நல்ல உள்ளரங்கு ஆட்டக்காரர், கடற்கரையில் பணமும் சம்பாதித்தார் என்று ஒரு வரியில் முடிந்திருக்கலாம். ஒற்றைச் செட் ஆட்டத்தில் இரண்டே புள்ளி வித்தியாசம்.

அதற்குப் பிறகு ஓய்வு பெற்றிருக்கலாம். பெறவில்லை. 1999ல் ஸ்மித்தின் 139 பட்டங்கள் என்ற சாதனையைத் தாண்டினார். 2000 சிட்னிக்கு ஆடம் ஜான்சனோடு முயன்றார், இடம் கிடைக்கவில்லை. தொழில்முறைத் தொடரே 1998ல் கடனில் மூழ்கி, திவால் ஆகி, பிறகு கை மாறியது, அந்த இடைவெளியில் பலர் காணாமல் போனார்கள்.

2001ல் விதிகளே மாறின. களம் பக்கத்துக்கு ஒன்பது மீட்டரில் இருந்து எட்டாகச் சுருங்கியது. எல்லா ராலிக்கும் புள்ளி என்று ஆனது, 21 புள்ளி செட். தொலைக்காட்சிக்கு வசதி, ஆட்டம் எவ்வளவு நேரம் ஓடும் என்று ஓரளவு சொல்ல முடியும். ஆனால் கிராய் போன்றவருக்கு இது நேராக அடிமடியில் கை வைத்த மாதிரி. சின்னக் களத்தில் ஓடி எடுப்பவனின் சாமர்த்தியத்துக்கு மதிப்புக் குறையும், வலையில் நின்று மறைக்கும் நெட்டையான பிளாக்கருக்கு மதிப்புக் கூடும். வயது 40. அவர் செய்தது என்னவென்றால் நெட்டையான ஆளாகப் பார்த்து ஜோடி சேர்த்துக்கொண்டார், மைக் லேம்பர்ட் மாதிரி ஆறரை அடி ஆளை வலையில் நிறுத்திவிட்டு, தான் பின்னால் நின்று பந்து எடுத்தார், மறுபடி அதே வேலை. 2005 ஆகஸ்டில் ஹன்டிங்டன் பீச்சில் லேம்பர்ட்டோடு ஜெயித்தபோது வயது 44. அதுதான் 148ஆவது பட்டம், கடைசிப் பட்டம். ஆண்களில் வேறு யாரும் அந்த எண்ணிக்கையைத் தொடவில்லை. பரிசுப் பணம் மொத்தம் 30 லட்சம் டாலருக்கு மேல். 2007ல் நிறுத்தினார், 46 வயதில்.

பயிற்சியாளராக அவர் மறுபடி உள்ளே போனார், அதுவும் பெண்கள் அணிக்கு. 2009ல் உதவிப் பயிற்சியாளர், 2012 லண்டன் வெள்ளிக்குப் பிறகு தலைமைப் பயிற்சியாளர். அமெரிக்கப் பெண்கள் அணி அதுவரை உலகச் சாம்பியன்ஷிப்பும் வென்றதில்லை, ஒலிம்பிக் தங்கமும் வாங்கியதில்லை, மூன்று வெள்ளியோடு நின்றிருந்தது. 2014ல் உலகச் சாம்பியன்ஷிப் வந்தது. 2016 ரியோவில் அரையிறுதியில் செர்பியாவிடம் ஐந்து செட் ஆடித் தோற்று வெண்கலத்தோடு திரும்பினார்கள். கொரோனாவால் ஒரு வருடம் தள்ளி 2021ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் இறுதியில் பிரேசிலை 3-0 என்று தோற்கடித்து முதல் தங்கம்.

அந்த டோக்கியோ அணியில் ஒரு பெயர் என் கவனத்தை இழுத்தது: ஜஸ்டின் வாங்-ஒரான்டஸ். லிபரோ. போட்டியின் சிறந்த லிபரோ விருது அவருக்குத்தான். தென் கலிபோர்னியாவில் சின்ன வயதிலேயே மணலில் பெரியவர்களோடு ஆடி வளர்ந்தவர். சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கிய ஜோர்டன் லார்சனும் அடிப்பதற்கு எவ்வளவு பேர் போனவரோ அவ்வளவு சர்வீஸ் எடுப்பதற்கும் பேர் போனவர். எந்தப் பயிற்சியாளர் எந்த மாதிரி ஆட்களை நம்புகிறார் என்று இதில் கொஞ்சம் தெரிகிறது என்று நான் நினைக்கிறேன்.

2024 பாரிஸில் இறுதியில் ஜூலியோ வெலாஸ்கோ பயிற்சி கொடுத்த இத்தாலி இவர்களை நேர் செட்டில் தோற்கடித்தது. அது முடிந்ததும் கிராய் பெண்கள் அணியை விட்டு அமெரிக்க ஆண்கள் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனார், இலக்கு 2028 லாஸ் ஏஞ்சல்ஸ். 1984ல் அவர் முதல் தங்கம் வாங்கியது லாங் பீச் நகரத்து அரீனாவில், கூரைக்கு அடியில். 2028ல் பீச் வாலிபாலை அதே லாங் பீச்சின் கடற்கரையில் நடத்தப்போகிறார்கள். அவர் அங்கே இருக்க மாட்டார், அரை மணி நேரப் பயணத் தூரத்தில் அனஹைமில், உள்ளரங்கில், ஆறு பேரில் யார் யார் சர்வீஸ் எடுப்பது என்று தீர்மானித்துக்கொண்டிருப்பார்.